எதிர்க் கட்டிடம் கேட்கவில்லை

“பக்கத்து ரூம் கேக்குது மேடம். அமெரிக்கா கேக்குது. எதிர் பில்டிங் மட்டும் கேக்க மாட்டேங்குது.”

சீடர் குருவின் மேசைக்கு முன்னால் நின்று இப்படி முறையிட்டார்.

குரு மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல விஷயம்ணே,” என்றாள்.

“எது மேடம் நல்ல விஷயம்?”

“எதுவுமே கேக்கலைன்னா வயரு போயிருக்கும். அதுல என்ன இருக்கு?”

ஒரு கை மாதுளை முத்துக்களை அவரிடம் கொடுத்தாள். அவ்வளவுதான் அன்றைய முதல் பாடம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஞானக் கதை என்றாலே குருவுக்குத் தாடி இருக்கும், சீடனுக்கு மீசை முளைத்திருக்காது. எனக்கு அந்த ஏற்பாட்டில் பெரிய நம்பிக்கை இல்லை. இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து நாலு. பெயர் நஸ்ரின். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதெல்லாம் அவள் பொறுப்பு. இடது கையில் வளையல் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுருள் ஒன்றை எப்போதும் மாட்டியிருப்பாள்.

சீடர் பூமிநாதனுக்கு வயது ஐம்பத்திரண்டு. அதே ஆஸ்பத்திரியில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தவர். ஒரு நாள் ஏணி மேல் நின்று மெல்லிய நீல வயர் ஒன்றைப் பார்த்து, “இதுக்குள்ள கரண்டு போகல, பேச்சுதான் போகுதாமே?” என்று கேட்டார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. எழுதிக் கொடுத்து, கெஞ்சி, நெட்வொர்க் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பொருத்தியவர் பூமிநாதன். பரிசோதனை முடிவுகள் அதிலிருந்து சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் தீவிர சிகிச்சைக் கட்டிடத்துக்குப் போக வேண்டும். போகவில்லை. அதே அறையில் இருக்கும் பிரிண்டரோடு அது கொஞ்சிக் குலாவியது. இயந்திரத்தை விற்ற கம்பெனியின் அமெரிக்க அலுவலகத்தோடு மணிக்கணக்கில் பேசியது. சாலையைத் தாண்டி நூறடியில் இருக்கும் கட்டிடத்தோடு மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

“ஏன் மேடம்?”

“கண்டுபிடிங்கண்ணே. உங்க பிள்ளை. நீங்கதான் பெத்தீங்க.”

பூமிநாதன் தனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினார். வயரை மாற்றினார். வயர் போய்ச் செருகும் பெட்டியை மாற்றினார். கம்ப்யூட்டரை அணைத்து, கும்பிட்டு, மறுபடி போட்டார்.

அமெரிக்கா கேட்டது. எதிர்க் கட்டிடம் கேட்கவில்லை.

வேர்த்துப் போய் அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது செல்போன் அடித்தது. மனைவி செண்பகவல்லி.

“அண்ணன் வரலைன்னு சொல்லிருச்சு.”

“எதுக்கு?”

“எதுக்கா? யாழினி கல்யாணத்துக்குங்க! இன்னைக்கு நேராப் போயி கேட்டுட்டேன். ‘கூப்பிடாத வீட்டுக்கு வந்து எனக்குப் பழக்கமில்ல’ன்னுட்டு உள்ள போயிருச்சு.”

“அவரக் கூப்பிடணுமா? ஏம்மா, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு அவரு வர்றதுக்கு யாரு கூப்பிடணும்? கிறுக்குப் பிடிச்சிருச்சா உங்க அண்ணனுக்கு?”

“இதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்?”

போன் வைக்கப்பட்டது. வைத்த விதத்திலேயே இன்று ராத்திரிச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மகள் யாழினிக்கு வரும் வெள்ளிக்கிழமை கல்யாணம். தாய்மாமன் மலைச்சாமி சீர் கொண்டு வர வேண்டும். மாலை போட்டு, பெண்ணின் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்து வர வேண்டும். மதுரைப் பக்கம் மாப்பிள்ளை வராமல்கூட ஒரு மணி நேரம் ஓட்டிவிடலாம், தாய்மாமன் வராமல் ஓட்ட முடியாது. யாழினியே சொல்லிவிட்டாள்: “மாமா வந்து கையப் பிடிச்சாத்தான் மேடை ஏறுவேன்.” சொன்னால் செய்கிற பெண். அவருடைய பெண்ணாயிற்றே.

மலைச்சாமி வீடு பின்தெருவில் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் பின்கட்டு ஒட்டினாற்போல் வரும். கல்யாணமான நாளிலிருந்து பூமிநாதன் அந்த வீட்டுக்குள் பின்கதவு வழியாகத்தான் போவார். நேரே அடுக்களை. சட்டியைத் திறந்து பார்ப்பார். கறிக்குழம்பு என்றால் உட்கார்ந்துவிடுவார். இன்றுவரை யாரும் அவரை அங்கே ‘வாங்க’ என்று சொன்னதில்லை, அவரும் எதிர்பார்த்ததில்லை.

பத்திரிகை வைக்க அவரும் செண்பகமும் ஊரெல்லாம் போனார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, குங்குமம், மேலே பத்திரிகை. ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வீடுவரை போனார்கள். நஸ்ரின் வீட்டுக்கும் போனார்கள். அமெரிக்காவில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பிக்கு வீடியோவில் தாம்பாளத்தைத் தூக்கிக் காட்டி அழைத்தார்கள். அவன் விமானம் ஏறிவிட்டான்.

மலைச்சாமி வீட்டுக்குப் போகவில்லை. “வீட்டு ஆளுக்கு எதுக்கு தாம்பாளம்? அவர வேத்தாளாக்கச் சொல்றியா?” என்று பூமிநாதன் கேட்டார். பாசத்தில்தான் கேட்டார். அதுதான் சிக்கல். கோபத்தில் கேட்டிருந்தால் யாராவது திருத்தியிருப்பார்கள்.

நடுவில் மலைச்சாமி தங்கையிடம் சொல்லி அனுப்பினார்: “கல்யாணம் என்னைக்குன்னு கேட்டேன்னு மாப்ளகிட்ட சொல்லு.”

பூமிநாதன் சோற்றைப் பிசைந்தபடி வாய்விட்டுச் சிரித்தார். “தேதி கேக்குறாரா? நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு அவரு தேதி கேக்குறாரா!”

இவ்வளவும் நஸ்ரினுக்குத் தெரியாது. போனில் அவர் குரல் உயர்ந்தது மட்டும் அவள் காதில் விழுந்தது.

“வீட்ல எதுவும் பிரச்சனையாண்ணே?”

“இல்ல மேடம். மச்சான் கொஞ்சம் முறுக்கிக்கிட்டாரு. கல்யாண வீடுன்னா இருக்கறதுதானே.”

“உங்க பத்திரிகைய எங்க அம்மா ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்காங்க. புருஷனும் பொண்டாட்டியுமா தட்டோட வந்தாங்கன்னு தெருவெல்லாம் சொல்லிட்டிருக்காங்க.” நஸ்ரின் எழுந்தாள். “வாங்க, உங்க பிள்ளையப் பாப்போம்.”

பரிசோதனைக் கூடத்துக்குப் போனார்கள்.

“எதிர் பில்டிங்ல ஸ்டெல்லா சிஸ்டர் இருக்காங்கல்ல?”

“இருக்காங்க.”

“கூப்பிடுங்க.”

பூமிநாதன் செல்போனை எடுத்தார்.

“போன்ல வேணாம். இங்கேர்ந்து சத்தமாக் கூப்பிடுங்க.”

“மேடம், இது ஆஸ்பத்திரி.”

“ஒரே ஒரு தடவை.”

குரு சொன்னால் சீடர் என்ன செய்வார்? கண்ணை மூடிக்கொண்டு, “ஸ்டெல்லா சிஸ்டர்ர்ர்!” என்று ஒரு கத்துக் கத்தினார். ரத்தம் எடுக்கக் கையை நீட்டியிருந்த ஒருவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். ஊசி வைத்திருந்த பெண் இவர்களைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

“வந்தாங்களா?” நஸ்ரின் கேட்டாள்.

“எப்படி மேடம் வருவாங்க? அவங்க வேற பில்டிங்ல இருக்காங்க.”

“அப்ப எப்படிக் கூப்பிடணும்?”

“வாசலுக்குப் போகணும். ரோட்டத் தாண்டணும். அந்த பில்டிங் வாசல்ல செக்யூரிட்டிகிட்ட சொல்லணும்.”

“அமெரிக்காவுல ஒருத்தன் இருக்கான். அவனை இங்க நின்னு கத்திக் கூப்பிடுவீங்களா?”

“அது எப்படிக் கத்துவேன்?”

“ஏன்?”

“அவன் வெளிய இருக்கான்னுதான் தெரியுமே.”

நஸ்ரின் தலையாட்டிவிட்டு, அந்தப் புதுக் கம்ப்யூட்டரின் பேச்சை ஒட்டுக்கேட்கிற திரையைத் தன் மடிக்கணினியில் திறந்து வைத்தாள். வரிகள் ஓடின. அவள் ஒரு வரியில் விரலை வைத்தாள். பூமிநாதன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு குனிந்தார்.

எதிர்க் கட்டிடத்துக் கம்ப்யூட்டரின் முகவரி எழுதியிருந்தது. அதோடு ஒரு கேள்வி: இந்த முகவரிக்காரர் யார்? என்னிடம் சொல்லுங்கள்.

அடுத்த வரியும் அதேதான். அதற்கடுத்த வரியும் அதேதான்.

“இதை யாருகிட்ட கேக்குது மேடம்?”

“இந்த ரூம்ல இருக்கற எல்லாருகிட்டயும். பிரிண்டர்கிட்ட கேக்குது. அந்த மூலைல இருக்கற பழைய கம்ப்யூட்டர்கிட்ட கேக்குது.”

“அவங்க என்ன சொல்வாங்க?”

“நான் இல்லைன்னு சும்மா இருப்பாங்க.”

பூமிநாதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்ப்யூட்டர் மேல் அவருக்குப் பரிதாபம் வந்துவிட்டது. தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது, பாவம்.

“இது ஏன் மேடம் வாசலுக்குப் போகாம ரூமுக்குள்ளயே நின்னு கத்துது?”

நஸ்ரின் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. அவள் காலையிலிருந்து காத்திருந்த கேள்வி இதுதான். ஆனால் பதில் சொல்லாமல் வெளியே நடந்தாள்.

நெட்வொர்க் அறை வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும் ஒரு நடை. தரையில் பெரிய வெள்ளை டைல்ஸ் வரிசையாகப் போகும்.

“எண்ணுங்கண்ணே.”

எண்ணினார். “முப்பத்திரெண்டு.”

“வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே எண்ணிப் பாத்தேன். முப்பத்திரெண்டுன்னதும் இங்கயே இருந்துரலாம்னு முடிவு பண்ணிட்டேன்.”

“எதுக்கு மேடம்?”

“ஒரு கம்ப்யூட்டர் முகவரிக்கு முப்பத்திரெண்டு கட்டம். எட்டு எட்டாச் சேத்தா நாலு நம்பர். உங்க லேப் கம்ப்யூட்டருக்கு என்ன குடுத்தீங்க?”

“பத்து, நாலு, ஒண்ணு, இருபது.”

“எதிர் பில்டிங்?”

“பத்து, அஞ்சு, ஒண்ணு, இருபது.”

அவள் மணிக்கட்டிலிருந்து டேப்பைக் கழற்றினாள். எட்டாவது டைல்ஸ் முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு ஒட்டினாள்.

“கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கறது வீட்டுப் பேரு. அந்தப் பக்கம் இருக்கறது ஆள் பேரு. வீட்டுப் பேரு ஒண்ணா இருந்தா வீட்டுக்குள்ள இருக்கான்னு அர்த்தம். கத்தினாப் போதும். வேறயா இருந்தா வாசலுக்குப் போகணும். இப்ப சொல்லுங்க, லேப்பும் எதிர் பில்டிங்கும் ஒரே வீடா?”

பூமிநாதன் முதல் எட்டுக் கட்டத்தைப் பார்த்தார். இதுவும் பத்து. அதுவும் பத்து.

“ஒரே வீடு.”

அவள் டேப்பைப் பிய்த்தாள். இருபத்து நாலாவது டைல்ஸ் முடிகிற இடத்தில் ஒட்டினாள்.

“இப்ப?”

“பத்து, நாலு, ஒண்ணு. பத்து, அஞ்சு, ஒண்ணு.” அவர் நிமிர்ந்தார். “வேற வீடு! நான் ஒண்ணுமே பண்ணல, நின்ன எடத்துலதான் நிக்கிறேன், வேற வீடாயிருச்சு!”

“கோடுதான் நகர்ந்துச்சு.”

பூமிநாதனுக்குக் குஷி கிளம்பிவிட்டது. டேப்பைப் பிடுங்காத குறையாக வாங்கி இருபத்தைந்தில் ஒட்டினார். ஒரு வீடு இரண்டானது. இருபத்தாறில் ஒட்டினார். நாலானது. வீடுகள் கூடக் கூட ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் குறைந்தார்கள். அவர் முன்னும் பின்னும் நடந்தார். துடைப்பத்தோடு வந்த செல்லக்கிளி அக்கா, “இப்பத்தான்யா தொடச்சேன்” என்று திட்டிவிட்டுப் போனது அவர் காதில் விழவில்லை.

“எங்க வேணா ஒட்டலாமா மேடம்?”

“இப்ப எங்க வேணா ஒட்டலாம். ஆரம்பத்துல மூணே எடம்தான். எட்டு, பதினாறு, இருபத்தி நாலு. பெரிய வீடு, நடு வீடு, சின்ன வீடு. முதல் நம்பரப் பாத்தே இது எந்த வீடுன்னு சொல்லிருவாங்க. சின்ன வீட்ல எரநூத்திச் சொச்சம் பேருதான் இருக்கலாம். உங்ககிட்ட முந்நூறு பேரு இருந்தா நடு வீடு குடுப்பாங்க. அதுல அறுபத்தஞ்சாயிரம் பேருக்கு எடம்.”

“முந்நூறு பேருக்கு அவ்ளோ பெரிய மண்டபமா!” கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்து அலைந்தவர் பதறினார். “வெளங்குமா?”

“வெளங்கல. அதான் கோட்டை எங்க வேணா வெச்சுக்கங்கன்னு விட்டுட்டாங்க.”

“சரி மேடம், இந்த லேப் கம்ப்யூட்டர் கோட்டை எங்க வெச்சிருக்கு?”

“என்னையக் கேட்டா? அதைக் கேளுங்க.”

அவர் கிட்டத்தட்ட ஓடினார்.

கம்ப்யூட்டரில் முகவரி எழுதும் இடத்தைத் திறந்தார். முகவரி சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே, கோடு எங்கே என்று சொல்லும் வரி. சப்நெட் மாஸ்க் என்பார்கள். அங்கே 255.0.0.0 என்று இருந்தது. 255 இருந்தால் அந்த எட்டுக் கட்டமும் வீட்டுப் பேர். பூஜ்யம் இருந்தால் ஆள் பேர்.

கோடு எட்டாவது கட்டத்தில் இருந்தது.

“இதை நான் போடல மேடம்!”

பின்னால் வந்து நின்ற நஸ்ரின் கேட்டாள்: “பின்ன யாரு போட்டா?”

பூமிநாதன் யோசித்தார். முகவரியை அழித்துவிட்டுத் திரும்பத் தட்டிப் பார்த்தார். பத்து என்று ஆரம்பித்து நாலு நம்பரையும் அடித்துவிட்டு அடுத்த வரிக்கு வந்தார். அந்த வரி தானாகவே நிரம்பியது. 255.0.0.0.

“அதுவாப் போட்டுக்குது.”

“பத்துன்னாப் பெரிய வீடு. அந்தக் காலத்துப் பழக்கம். ஊரே மாறிருச்சு, இதுக்கு மட்டும் கை பழகிப்போச்சு. நீங்க பாத்துத் திருத்தலைன்னா அதையே வெச்சுக்கும்.”

“நான் பாக்கல. சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

“தப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பிரிண்டர்தான் பேசுச்சே.”

“ஆமா. அமெரிக்காவும் பேசுச்சு.”

“அமெரிக்கா ஏன் பேசுச்சு?”

“அதோட முதல் நம்பரே வேற மேடம். வெளி ஆளுன்னு இதுக்கே தெரிஞ்சுருச்சு. மரியாதையா வாசலுக்குப் போயிருச்சு.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “ரொம்பத் தூரத்து ஆளுக்கு ஒழுங்காப் போயிருக்கு. வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கும் பிரச்சனையில்ல. வீட்டு ஆளுன்னு இதுவா நெனச்சுக்கிட்டது யாரையோ, அவங்களுக்கு மட்டும்தான் போகல.”

நஸ்ரின் கையோடு கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். மாதுளை முத்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

பூமிநாதனுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. அறிவு கொஞ்சம் வந்தால் சந்தேகம் நிறைய வரும் ஆள் அவர்.

“எதிர்ல இருக்கற கம்ப்யூட்டர்ல கோடு எங்க இருக்கு?”

“இருபத்தி நாலுல. அதை நான்தான் போட்டேன்.”

“அப்ப இது அதை வீட்டு ஆளுன்னு நெனைக்குது. அது இதை வேற வீடுன்னு நெனைக்குது.”

“ஆமா.”

“அது நெனைக்கிறது இதுக்குத் தெரியாதா?”

“முகவரிய எழுதி அனுப்புவாங்க, எல்லாரும் பாக்கலாம். கோட்டை யாரும் எழுதி அனுப்புறதில்லண்ணே. அவங்கவங்க மனசுல வெச்சிருக்கறதுதான்.”

பூமிநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சரி, அது இதுகிட்ட ஏதாவது கேட்டுச்சுன்னு வெச்சுக்குவோம். அது ஒழுங்கா வாசல் வழியாத்தானே கேக்கும்?”

“ஆமா.”

“அப்ப அது கேட்டது இதுக்கு வந்து சேந்திருக்குமே.”

“வந்துச்சு. காலைலேர்ந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கு.” அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். எதிர்க் கட்டிடத்திலிருந்து வந்த வரிகள் வரிசையாக இருந்தன. இருக்கிறாயா? இருக்கிறாயா? இருக்கிறாயா?

“இது பதில் சொல்லலையா?”

“நீங்களே பாருங்க.”

அவர் பார்த்தார். எதிர்க் கட்டிடத்தின் கேள்வி ஒவ்வொன்றுக்கும் கீழே இந்தக் கம்ப்யூட்டரின் அதே கத்தல். இந்த முகவரிக்காரர் யார்? என்னிடம் சொல்லுங்கள்.

“பதில் சொல்லத்தான் பாத்திருக்கு மேடம். ஆனா ரூமுக்குள்ளயே...”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

சோற்றுக் கையோடு சிரித்தது ஞாபகம் வந்தது. தேதி கேக்குறாரா! அந்தச் சிரிப்பு எங்கே போயிருக்கும்? அடுக்களைச் சுவர்வரை போயிருக்கும். செண்பகம் கேட்டாள். யாழினி கேட்டாள். குழம்புச் சட்டி கேட்டது.

பூமிநாதனுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவ்வளவு வெட்கம். மச்சான் தெருவில் நின்று, ஊர்க்காரன் ஒருவன் ‘என்ன மலைச்சாமி, வெள்ளிக்கிழமை கல்யாணமாமே’ என்று கேட்கும்போது எந்த முகத்தோடு ஆமாம் என்று சொல்லியிருப்பார்?

அவருடைய கண் கலங்கியதை நஸ்ரின் பார்த்துவிட்டாள். கம்ப்யூட்டருக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

“ஐயோ, இதுக்குப் போயா? எல்லாரும் பண்ற தப்புதாண்ணே. நானே எத்தனையோ தடவை பண்ணிருக்கேன். மாத்துங்க, சரியாயிரும்.”

அவர் மாற்றினார். இரண்டு பூஜ்யம் இருந்த இடத்தில் இரண்டு 255. கோடு இருபத்து நாலுக்கு வந்தது.

மேசைத் தொலைபேசி அடித்தது. ஸ்டெல்லா சிஸ்டர்.

“பூமிநாதன் அண்ணா, ரிசல்ட் எல்லாம் வந்துருச்சு! காலைலேர்ந்து உள்ளது மொத்தமா வந்துருச்சு!”

“நல்லது சிஸ்டர்.”

“அப்புறம், யாரோ எம்பேரச் சொல்லிக் கத்தினாங்களாமே?”

“அது வேற விஷயம் சிஸ்டர்.” போனை வைத்துவிட்டு எழுந்தார். “மேடம், எனக்கு அரை நாள் லீவு வேணும்.”

“இப்பவா? எதுக்குண்ணே?”

“இன்னொரு எதிர் பில்டிங் பாக்கி இருக்கு.”

நஸ்ரின் ஜன்னல் வழியாகச் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். இருந்தது ஒரே ஒரு கட்டிடம்தான். அவள் திரும்புவதற்குள் சீடர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னார்: “செண்பகம், தாம்பாளத்த எடு. நல்ல சேலை ஒண்ணு கட்டிக்க.”

செண்பகம் எங்கே, எதற்கு என்று கேட்கவில்லை. தாம்பாளம் ஏற்கெனவே சாமி அலமாரிக்குக் கீழே வெற்றிலை, பாக்கோடு தயாராக இருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. வெற்றிலை மட்டும் புதிதாக இருந்தது.

வெளியே வந்ததும் செண்பகம் வழக்கம்போல் பின்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

“அந்தப் பக்கம் வேணாம்.”

தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முன்வாசலில் பச்சை பெயிண்ட் அடித்த கதவு. பக்கத்தில் காலிங்பெல் ஒன்று இருந்தது. மச்சான் வீட்டுக்குக் காலிங்பெல் இருப்பதே பூமிநாதனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அமுக்கினார். உள்ளே குருவி கத்தியது.

“யாரு?”

“நான்தான் மச்சான். பூமிநாதன் வந்திருக்கேன்.”

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

“பின்கதவு தொறந்துதான கெடக்கு.”

“தெரியும் மச்சான்.”

பிறகு உள்ளே பீரோ திறக்கும் ஓசை கேட்டது. ஹேங்கர் ஒன்று கீழே விழுந்தது. செண்பகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. மலைச்சாமி வெள்ளைச் சட்டையில் நின்றார். பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். தங்கையைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார்.

“வாங்க,” என்றார்.

பூமிநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். உட்காரவில்லை. புருஷனும் மனைவியுமாகத் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு, வாட்ச்மேன் வீட்டிலும் நஸ்ரின் வீட்டிலும் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னார்.

“வர்ற வெள்ளிக்கிழமை நம்ம யாழினிக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். நீங்க குடும்பத்தோட முன்னாடியே வந்திருந்து நடத்திக் குடுக்கணும்.”

மற்ற வீடுகளில் சொன்னபோது அவருக்குக் குரல் உடையவில்லை.

மலைச்சாமி இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்திரிகையை எடுத்து மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார். தன் பெயர் இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு உள்ளறைக்குப் போனார்.

பெரிய பித்தளை அண்டா ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் இறக்கினார். பளபளவென்று இருந்தது. இன்னும் அடுப்பைப் பார்க்காத அண்டா.

“சித்திரையிலயே வாங்கிட்டேன்,” என்றார்.

விளிம்பில் எழுத்து வெட்டியிருந்தது. செண்பகம் குனிந்து படித்தாள். யாழினி திருமணத்திற்குத் தாய்மாமன் மலைச்சாமி அன்பளிப்பு. ‘நாள்’ என்று போட்டு ஒரு புள்ளி. அதற்கப்புறம் நாலு விரல்கடை அகலத்துக்கு வெறும் பித்தளை.

“ஏண்ணே, தேதிய விட்டுட்ட? ஊருக்கே தெரியுமே, உனக்கா தெரியாது?”

மலைச்சாமி அந்த வெற்றிடத்தைக் கட்டை விரலால் தேய்த்தார்.

“தெரியும் தாயி. எங்கிட்ட யாரும் சொல்லலையே.”